வேம்பு சொரியும் வெயில்

தமிழம்மா பதில்கள்

போன இதழில் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். பங்குனி பிறக்கப் போகிறது, இளவேனில் வரவைப் பற்றி இரண்டடியிலோ மூன்றடியிலோ எழுதி அனுப்புங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று. மஞ்சள் பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சோழவந்தானில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் வாசித்தேன். எல்லோருக்கும் இங்கே பதில் எழுத இடம் இல்லை. பலர் கேட்ட கேள்விகளையும், நான் பதில் சொல்ல ஆசைப்பட்ட கேள்விகளையும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

மாசி வரை பனி, பங்குனி பிறந்தால் வெயில். மதுரைக்கு வசந்தம் என்று ஒன்று தனியாக இருக்கிறதா? இல்லாத பருவத்தைப் பற்றி என்ன எழுதுவது?
— ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், செல்லூர்

ஐயா, இருக்கிறது. நாம் வேறு ஊர் வசந்தத்தைத் தேடுவதால் நம் ஊர் வசந்தம் கண்ணில் படுவதில்லை. பனி உருகுவதும், மொட்டை மரம் ஒரே நாளில் ரோஜா நிறமாவதும் நம்முடையவை அல்ல. நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். பெயரைக் கவனியுங்கள், அது இளைய வெயில். வெயில் குழந்தையாக இருக்கும் காலம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஏட்டுக் கணக்குக்குச் சித்திரை ஒன்றாம் தேதி இளவேனில் தொடங்கும். மரங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். 'சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும்' என்று எங்கள் ஆத்தா சொல்லும். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். புளி உலுக்குகிற சத்தம். இலவங்காய் வெடித்துப் பஞ்சு தெருவில் உருண்டு போவது. அழகர்மலைப் பக்கமிருந்து மாவடு கூடையில் வந்து இறங்குவது. புங்கமரம் பத்து நாளில் இலையெல்லாம் கொட்டி, அடுத்த பத்து நாளில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி பளபளவென்று தளிர்த்து நிற்பது. விடியற்காலை நாலரைக்கே குயில் கூப்பிட ஆரம்பிப்பது. பகலில் வெயில் அடித்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெற்கிலிருந்து ஒரு காற்று வந்து முற்றத்தைத் தொட்டுவிட்டுப் போவது. இத்தனை வருடம் பேருந்தின் படியில் நின்றவர் நீங்கள். இந்தக் காற்று எந்த நிறுத்தத்தில் உங்கள் முகத்தில் அடிக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. மீனாட்சியம்மன் கோயில் கீழக்கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறதே, அதைத் திருமலை நாயக்கர் கட்டியது வசந்த விழாவுக்காக. அதன் உண்மையான பெயரே வசந்த மண்டபம்தான். சுற்றிலும் தண்ணீர் நிறுத்தி, நடுவில் சாமியை எழுந்தருளச் செய்து, காற்று தண்ணீரைத் தொட்டுக் குளிர்ந்து வரும்படி அமைத்தார்கள். வெயிலுக்கு நடுவே ஒரு குளிர்ச்சியை உண்டாக்கி அதற்கு வசந்தம் என்று பேர் வைத்த ஊர் இது. உங்கள் செல்லூரில் அப்படி ஒரு குளிர்ச்சி எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை எழுதுங்கள்.

குறள் வெண்பா எழுதியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள் அம்மா:

வசந்தம் வந்தது வானம் சிரித்தது
வாசமலர் பூத்தது பார்.

எங்கோ தட்டுகிறது, எங்கே என்று தெரியவில்லை. (எங்கள் வீட்டில் இப்போது வேப்பம்பூ சேர்க்கும் காலம். வாசலில் அம்மா பழைய வேட்டியை விரித்து வைத்திருப்பதால் உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னிக்கவும்.)
— இளங்கலைத் தமிழ் மாணவி, திருமங்கலம்

தாயி, முதலில் தட்டுகிற இடத்தைப் பார்த்துவிடுவோம். ஒற்றை விட்டு எண்ணினால் ஓர் எழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் இரண்டு எழுத்து அசை நிரை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடியும் ஈரசைச் சீர் விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் கட்டுக்கு, அதாவது தளைக்கு, மூன்றே விதி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். மாச்சீரில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். 'வசந்தம்' என்பது வசந்–தம், நிரை நேர், புளிமா. அடுத்து வருவது நிரையாக இருக்க வேண்டும். நீ வைத்திருப்பது 'வந்தது', வந்–தது, நேரில் தொடங்குகிறது. அங்கேதான் தளை தட்டுகிறது. 'வசந்தம் பிறந்தது' என்று மாற்று, தளை சரியாகிவிடும். மற்ற ஐந்து இடமும் சுத்தம். கடைசிச் சீரை 'பார்' என்று ஒரே நேரசையாக, நாள் வாய்பாட்டில் முடித்ததும் சரி. காது நன்றாக வேலை செய்கிறது உனக்கு.

ஆனால் திருத்திய பிறகும் இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். வானம் சிரித்தது, வாசமலர் பூத்தது என்றால் எந்த வானம், எந்த மலர்? திருமங்கலத்தில் எழுதினாலும் தஞ்சாவூரில் எழுதினாலும் இதே இரண்டு அடிதான் வரும். குறள் வெண்பாவில் மொத்தம் ஏழே சீர். 'வசந்தம் வந்தது' என்று சொல்லவே இரண்டைச் செலவழித்துவிட்டாய். மீதி ஐந்தில் நீ கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

அடைப்புக்குறிக்குள் எழுதினாயே, அதை மறுபடி படி. வாசல், வேட்டி, வேப்பம்பூ, அம்மா. உன் கவிதை அங்கே இருக்கிறது. மன்னிப்புக் கேட்ட இடத்தில்தான் நீ உண்மையாக எழுதியிருக்கிறாய்.

வேப்பம்பூ எப்படி விழும் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? அது மல்லிகை மாதிரிப் பொத்தென்று விழாது. அரிசி நொய் அளவுதான் இருக்கும். காற்று இல்லாமலே பொலபொலவென்று உதிரும், ஆனால் விழுந்த சத்தம் கேட்காது. வெள்ளை வேட்டியில் விழுந்தால் முதலில் கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் சேர்ந்த பிறகு வேட்டி லேசாகப் பழுப்பேறிய மாதிரி இருக்கும். அப்போதுதான் அத்தனையும் பூ என்று தெரியும். கிளைக்கு இடையே புகுந்து வருகிற வெயிலும் அதே மாதிரிப் பொட்டுப் பொட்டாக அந்த வேட்டியிலேயே விழும். எது பூ, எது வெயில் என்று ஒரு கணம் தடுமாறும். நேற்று காலை என் வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உன் சொற்களை வைத்தே இப்படிக் கட்டிப் பார்த்தேன்:

வாசலில் வேட்டி விரித்தாள் அதன்மேலே
வேம்பு சொரியும் வெயில்.

அலகிட்டுப் பார். வாசலில் கூவிளம், அடுத்து நேர் வந்திருக்கிறது. வேட்டி தேமா, அடுத்து நிரை. விரித்தாள் புளிமா, அடுத்து நிரை. அதன்மேலே புளிமாங்காய், அடுத்த அடி நேரில் தொடங்குகிறது. வேம்பு தேமா, சொரியும் புளிமா, கடைசிச் சீர் வெயில் ஒரே நிரையசை, மலர் வாய்பாடு. வசந்தம் என்ற சொல் எங்கும் இல்லை. அம்மா என்ற சொல்கூட இல்லை, 'விரித்தாள்' என்றாலே போதும். நம் பக்கத்தில் வாசலில் வேப்பம்பூவுக்கு வேட்டி விரிப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். எதுகை அமையவில்லைதான். வேம்பு, வெயில் என்று மோனை தாங்கிக்கொள்கிறது.

இது என் கட்டு, உன்னுடையது அல்ல. நீ இதே வேட்டியை வைத்து வேறொன்று எழுது. பூவைக் காயவைத்து, சலித்து, டப்பாவில் போடும் வரை அம்மா பின்னாலேயே போ. அதற்குள் இன்னும் இரண்டு குறளாவது கிடைக்கும்.

நேர், நிரை, தேமா, புளிமா எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்தேன், மறந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் மறுபடி கற்க எளிய வழி உண்டா?
— பூ வியாபாரி, மாட்டுத்தாவணி

உங்களுக்கு நான் தனியாக ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். உங்கள் கடையிலேயே எல்லாம் இருக்கிறது.

பிச்சி என்று சொல்லிப் பாருங்கள். பிச்–சி, தேமா. முல்லையும் தேமா. அரளி, அர–ளி, புளிமா. கதம்பமும் புளிமா. மல்லிகை, மல்–லிகை, கூவிளம். செண்பகம், தாமரை எல்லாம் அதே. சம்பங்கியும் செவ்வந்தியும் தேமாங்காய். செவ்வரளி கூவிளங்காய். மருக்கொழுந்து கருவிளங்காய். கனகாம்பரம் மட்டும் கன–காம்–பரம் என்று நிரையில் முடிந்து கனிச்சீர் ஆகிவிடும். வெண்பாவுக்குள் கனிச்சீருக்கு இடம் இல்லை. மாலையில் கட்டலாம், வெண்பாவில் ஒரே சீராகக் கட்ட முடியாது. முப்பது வருடமும் என் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைகள் முதல் நாளே பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது பூவை அடுக்குங்கள். பிச்சிக்குப் பக்கத்தில் மல்லிகையை வைத்தால் தட்டும், ஏனென்றால் மாவுக்கு அடுத்து நேர் வந்துவிட்டது. மல்லிகையை முதலில் வைத்துப் பிச்சியை அடுத்து வைத்தால் ஓடும். அப்படியே தொடுத்துக்கொண்டு போனால்,

மல்லிகை பிச்சி மருக்கொழுந்து சம்பங்கி

வெண்பாவின் முழு அடி ஒன்று வந்துவிட்டது! நீங்கள் காலையில் கூவுகிற கூவலிலேயே இது இருக்கலாம். இரண்டாவது அடிக்கு உங்கள் தொழிலிலிருந்தே ஒரு செய்தியை எடுத்தேன். மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை வரத்து சுருங்கி விலை ஏறிக் கிடக்கும். மாசி கழிந்து வெயில் ஏற ஏற மொட்டு பெருகும், விலை இறங்கும். மதுரைக்காரர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்காமலே பருவம் மாறியது தெரிவது இதனால்தான்.

மல்லிகை பிச்சி மருக்கொழுந்து சம்பங்கி
மெல்ல விலைகுறையும் நாள்.

இதில் மல்லிகை, மெல்ல என்று எதுகையும் அமைந்துவிட்டது. விலை குறைவது உங்களுக்குச் சந்தோஷமான செய்தி அல்ல என்பது தெரியும். அதையும் எழுதுங்கள். விற்கிறவர் பக்கத்திலிருந்து இளவேனிலைச் சொல்லும் கவிதையை நான் இன்னும் படித்ததில்லை. உங்களிடமிருந்து எதிர்பார்த்துக் காத்திருப்பேன்.

ஹைக்கு எழுதுகிறேன். ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணத்தான் வேண்டுமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— பொறியாளர், திருநகர்

தம்பி, ஜப்பானியர் எண்ணுவது நம் நேரசை, நிரையசை அல்ல. ஒலியின் அளவு. நெடில் வந்தால் இரண்டு, 'ன்' போன்ற ஒற்று வந்தால் அதுவும் ஒன்று. அப்படிக் கணக்கிட்டுப் பதினேழு. நம் மாத்திரைக் கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் நமக்கு ஒற்றுக்கு அரைதான். அவர்கள் மொழியின் எலும்பு வேறு, நம் மொழியின் எலும்பு வேறு. அதனால் தமிழில் பெரும்பாலோர் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்று அடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

விடக்கூடாதவை இரண்டு. ஒன்று பருவச்சொல். ஹைக்குவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்கும். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு என்று அவர்களிடம் அகராதியே உண்டு. தவளை என்றால் வசந்தம். நமக்கு அது புதிதல்ல, பொழுதையும் கருப்பொருளையும் இணைத்துத் தொல்காப்பியம் பேசியிருக்கிறது. இரண்டாவது, நடுவில் ஒரு வெட்டு. இரண்டு காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பிய ஆறு கவிதையிலும் மூன்றாவது அடி முதல் இரண்டுக்கும் விளக்கம் சொல்கிறது. 'இதுவே வாழ்க்கை' என்று முடிகிற இரண்டையும் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். மற்ற நான்கில் கடைசி அடியை மட்டும் நீக்கிப் பாருங்கள், உயிர் வரும்.

தமிழில் இந்த வடிவத்தைப் பற்றி முன்னமே எழுதியவர் பாரதி. 1904ல் நம் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்தாரே, அவர்தான். 1916ல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதி, சொல்லைச் சுருக்கும் அந்த முறையை மெச்சினார். அந்தப் பள்ளி இருக்கிற வடக்குவெளி வீதிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

போன வாரம் எங்கள் கடைத்தெருவில் நடந்ததை நான் இப்படி எழுதி வைத்தேன்:

பங்குனிக் காலை
கேட்காமலே ஒரு முழம் கூட
அளந்து தருகிறாள்

பூ என்று சொல்லவில்லை. முழம் என்றால் நமக்குப் பூதானே.

வெண்பாவில் ரசம், வடு, நுங்கு என்றெல்லாம் எழுதலாமா? கவிதைக்கு ஆகாத சொற்கள் என்கிறார் என் மாமனார்.
— இல்லத்தரசி, உசிலம்பட்டி

எழுதலாம். மாமாவிடம் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையை எடுத்துக் காட்டுங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது ஊருக்கு முன்னால் ஊரின் காற்று வந்து சேர்கிறது. அதில் என்னென்ன கலந்திருந்தன என்று இளங்கோ ஒரு பட்டியல் போடுகிறார். சந்தனமும் பூவும் மட்டும் அல்ல, அடுப்படிப் புகையும், கடைவீதியில் ஓயாமல் மோதகம் சுடுகிறவர்களின் புகையும் அதில் உண்டு. பொதியமலைத் தென்றலைப் புலவர்கள் எத்தனையோ பாடியிருக்கிறார்கள், இது அது மாதிரி அல்ல என்று சொல்லிவிட்டு, 'மதுரைத் தென்றல் வந்தது காணீர்' என்கிறார். பலகார வாசனை வீசும் காற்றுக்குத்தான் அவர் அந்தப் பெருமையைக் கொடுத்தார்.

எனக்கு இருபது வயதில் ஒரு பத்திரிகை என் கவிதையைத் திருப்பி அனுப்பியது. 'வேப்பம்பூ ரசம் கவிதைப் பொருள் ஆகாது' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அதை நம்பி ஆறேழு வருடம் நான் தாமரை, அன்னம், நிலவு என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டில் ஒரு வரிகூட இப்போது படிக்க முடியவில்லை. உங்களுக்கு அந்த ஆறேழு வருடம் வீணாகக்கூடாது அம்மா.

தளை சரிபார்க்கக் கணினியில் வழி உண்டாமே?
— மாணவர், மதுரை

உண்டு. அவலோகிதம் என்ற செயலியில் செய்யுளைத் தட்டச்சு செய்தால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டிவிடும். எழுதி முடித்த பிறகு அதில் போட்டுப் பாருங்கள். எழுதும்போது தொடையில் தாளம் தட்டுங்கள்.

சரக்கொன்றையை வைத்து இளவேனில் வெண்பா எழுதினேன். 'கொன்றை கார்காலப் பூ, தப்பு' என்று ஒருவர் சொல்லிவிட்டார்.
— கிராம நிர்வாக அலுவலர், மேலூர் வட்டம்

சங்கப்பாட்டில் கொன்றை கார்காலத்துக்கு உரியது, அது உண்மை. குறுந்தொகையில் ஒரு தோழி அதை வைத்தே தலைவியைத் தேற்றுகிறாள். அவர் வருவதாகச் சொன்ன கார்காலம் இன்னும் வரவில்லை, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து இந்தக் கொன்றை பூத்துவிட்டது, 'மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை', விவரம் கெட்ட மரம் என்கிறாள். தலைவியின் மனம் நொறுங்காமல் இருக்க மரத்தின் மேல் பழி போடுகிற அந்த அன்பை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

ஆனால் உங்கள் மேலூர்ச் சாலையில் சித்திரை வெயிலில் கொன்றை சரம் சரமாகத் தொங்குவது உங்கள் கண் பார்த்தது. பார்த்ததை எழுதியது தப்பாகாது.

இளவேனில் கவிதை என்றால் மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டுமா? எனக்கு இந்தப் பருவம் வந்தாலே மனசு கனத்துவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது. அப்படி எழுதினால் தவறா?
— செவிலியர், வாடிப்பட்டி

இந்தக் கடிதத்தைத்தான் நான் பலமுறை படித்தேன். தவறே இல்லையம்மா. தமிழில் இளவேனில் கவிதை பிறந்ததே அப்படித்தான்.

நம் இலக்கணத்தில் வேனில் எந்தத் திணைக்கு உரியது? பாலைக்கு. பாலை என்றால் பிரிவு. மற்றவர்கள் வசந்தத்தைக் கூடலோடு சேர்த்துக் கொண்டாடியபோது நம் ஆட்கள் அதைப் பிரிந்தவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். ஐங்குறுநூற்றில் பாலையைப் பாடிய ஓதலாந்தையார் இளவேனிலுக்கு என்றே பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். இளவேனிற் பத்து என்று பெயர். முதல் பாட்டு மூன்றே அடி:

அவரோ வாரார் தான்வந் தன்றே
குயிற்பெடை இன்குரல் அகவ
அயிர்க்கேழ் நுண்அறல் நுடங்கும் பொழுதே.

அவர் வரவில்லை. அது மட்டும் வந்துவிட்டது. பெண்குயில் இனிய குரலில் கூப்பிட, நுண்மணலில் நீர் நெளிந்து ஓடும் பொழுது. பத்துப் பாட்டும் இதே முதல் அடியில் தொடங்கி 'பொழுதே' என்று முடியும். நடுவில் மட்டும் ஒவ்வொன்றிலும் ஒரு மரமோ பூவோ மாறும். நுணா, கோங்கு, குரவம், பாதிரி, மா என்று போய்க் கடைசிப் பாட்டில் நம் வேம்பு. ஒருத்தி வாசலில் நின்று, இன்றைக்கு இது பூத்தது, அவர் வரவில்லை, இன்றைக்கு அது பூத்தது, அவர் வரவில்லை என்று நாள் எண்ணுகிற மாதிரி இருக்கும். அழுகிறேன் என்று சொல்லவே மாட்டாள். அந்தத் 'தான்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. யாரும் அழைக்காமல், யாருக்காகவும் நிற்காமல், தானாக வந்துவிடுகிற பருவத்தின் மேல் அவளுக்கு எத்தனை தாங்கல்!

'அறல்' என்ற சொல்லை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது பங்குனி மாதத்து வைகையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடும். அடியில் மணல் வரிவரியாக, ஈரக் கூந்தலைச் சீப்பால் வாரிய மாதிரி படிந்திருக்கும். அதுதான் அறல். நாங்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளிக் குடித்தோம். இப்போது எங்கள் பக்கத்து ஆற்றில் அந்த மணலும் இல்லை, அந்த வரியும் இல்லை, கருவேலம் நிற்கிறது. அவரும் வாரார், அறலும் வாரா.

இந்த மூன்றடி வடிவத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆசிரியப்பா. முதல் அடி நான்கு சீர், நடு அடி மூன்று, கடைசி அடி நான்கு. வெண்பாவைப் போலத் தளைக்கு அத்தனை கறார் கிடையாது. முதல் அடியில் வராதவரைச் சொல்லுங்கள். அடுத்த இரண்டில் வந்ததைச் சொல்லுங்கள். இரவுப் பணி முடிந்து காலை ஆறரைப் பேருந்தில் வீடு திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜன்னலில் என்ன தெரிகிறதோ அது போதும்.

எனக்கும் ஒன்று உண்டு. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டுக்காரர் நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு கொல்லையில் இருக்கிற புங்கமரம் அவர் பொறுப்பு. மாசிக் கடைசியில் அது இலை கொட்ட ஆரம்பித்தால் தினமும் விடியற்காலை தென்னை விளக்குமாறு எடுத்து அவர்தான் கூட்டுவார். நான் கூட்டினால் வரி வரியாக விழவில்லை என்பார். மண்ணில் விளக்குமாற்றுக் கோடு ஒரே சீராக இருக்க வேண்டும் அவருக்கு. போன வருடம் தை மாதம் போய்விட்டார். மாசியில் மரம் வழக்கம்போல் கொட்டியது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. இலை கணுக்கால் வரை கிடந்தது. பங்குனி பத்தாம் தேதி வாக்கில் கதவைத் திறந்து பார்த்தால் மரம் முழுக்கத் தளிர். கீழே அத்தனை சருகு, மேலே அத்தனை பச்சை. ஓதலாந்தையாரின் 'தான்வந் தன்றே' எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முப்பது வருடம் அதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கூட்டிய கையில்லை கொல்லையில் புங்கை
அவருக்கும் சேர்த்துத் தளிர்.

எதுகை இல்லை. வேறு சொல் போட்டு எதுகை கொண்டுவந்திருக்கலாம். 'அவருக்கும்' என்பதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மூன்றடியை எனக்கு அனுப்புங்கள். அச்சில் வர வேண்டாம் என்றால் கடிதத்தின் மேலே எழுதிவிடுங்கள், போட மாட்டேன். புங்கமரம் இந்த வருடமும் தளிர்த்துவிட்டது. பூ வருவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். வந்தால் தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி இருக்கும். 'பொரிப்பூம் புன்கு' என்று அந்தப் பத்திலேயே ஏழாவது பாட்டில் வருகிறது.